கில்ட் துணி வெட்டியவர்

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில், ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் தைக்கிற கடையில் எனக்கு வேலை. அங்கே துணி வெட்டுபவர் மதுரைக்காரர். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. கட்டம்போட்ட கம்பளித் துணி ஸ்காட்லாந்திலிருந்து ஆர்டருக்கென்றே நெய்து வரும். வெட்டு பிசகினால் மடிப்பில் கட்டம் சேராது, துணி வீண். அதனால் வெட்டுமுன் ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு நாள் அந்த விரல் நிற்காமல் நடுங்கியது.

"நீ வெட்டும்மா. ஓனர் பாத்தா என் வேலை போயிரும்."

"நான் ஊர்ல பொம்பள ஜாக்கெட் வெட்டுனவ, அண்ணே."

"இது ஆம்பளப் பாவாடை, அவ்வளவுதான். கட்டத்தோட கோட்டு மேலயே போ."

வெட்டி முடித்து நிமிர்ந்தேன். வாசலில் ஓனர் நின்றிருந்தார். அண்ணன் கைகளை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் வெட்டுகிற மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். அவரைப் பார்சல் கட்டப் போட்டார்கள்.