நீல சிலிண்டர்

ஓசூரில் இருபது வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கிறவன் நான். எங்கள் ஷாப்பில் நீல சிலிண்டர் என்றால் ஆர்கான். மூடிய அறையில் அது கசிந்தால், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவான். என் ஒன்பது வயது மகளுக்குச் சொத்தைப் பல் பிடுங்கப் போன இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் நீல சிலிண்டர் நின்றது. ஊசியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறவள் அவள். பயம் தணிய மூக்கு வழியே வாயு கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“மேடம், இது ஆர்கான். இத என் பொண்ணு மூக்குல வெக்காதீங்க” என்று குறுக்கே நின்றேன்.

“லேபிளப் படிங்கண்ணா, நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயும்பாங்களே அது. அந்தக் கறுப்பு சிலிண்டரு ஆக்சிஜன். ரெண்டும் கலந்துதான் போவும்.”

“ஆக்சிஜன் தீந்துட்டா?”

“மெஷினே இதயும் நிறுத்திடும்.”

வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை நான். “ஆக்சிஜன மூடிக் காட்டுங்க” என்றேன்.

“நீ செக் பண்ணி முடிக்கறதுக்குள்ள பல்லு தானா விழுந்துரும்ப்பா” என்றாள் மகள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஆக்சிஜனை மூடினார். வாயுவின் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் இரண்டிலும் மிதந்த சின்னக் குண்டு கீழே இறங்கியது; இரண்டு வாயுவும் நின்றுவிட்டது. அப்புறம்தான் விலகி நின்றேன்.

ஊசி போட்டபோது அவள் சிணுங்கவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு வெறும் ஆக்சிஜன் மட்டும் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள்.

தலை தெளிந்துவிட்டதா என்று பார்க்க, “இன்னிக்கு என்ன கெழம?” என்று அவளைக் கேட்டேன்.

“வியாழன். உனக்குத் தெரியாதா?”

அதைக் கேட்ட பிறகே அவளை நாற்காலியிலிருந்து இறங்க விட்டேன்.