மூளைக்காரனின் தங்கை

ஆடித்தபசு வந்தால் சங்கரன்கோவிலில் எங்கள் வீடு நிறைந்துவிடும். ராயகிரியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் அப்பா வழிச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். தபசுக் காட்சி பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்ததும் அப்பா அண்ணனைக் கூடத்தின் நடுவில் நிறுத்துவார்.

"ஏலே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

அண்ணன் மூச்சு விடாமல் சொல்வான். அவன் அப்போது நாலாம் வகுப்பு. "எங்க அய்யா மூளை அப்படியே இவனுக்கு இறங்கியிருக்கு, பாத்தியளா அண்ணாச்சி?" என்று அப்பா பெரியப்பாவிடம் கேட்பார்.

அடுத்தது என் முறை. நான் ரெண்டாம் வகுப்பு. எனக்கு ஏழாம் வாய்ப்பாடுதான். பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூடமே சிரிக்கும். "இவ அவ ஆத்தா வகை. மண்டையில ஒண்ணும் நிக்காது" என்பார் அப்பா. எச்சில் இலை எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். வருஷா வருஷம் இது நடந்தது.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "அண்ணன் பேரைக் கெடுக்கதுக்குன்னே ஒருத்தி வந்திருக்கா" என்றார். என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். அந்த வரிசைப் பிள்ளைகளின் கணக்கை அவர் திருத்தமாட்டார். 'திருத்தி என்னத்துக்கு' என்று நோட்டையும் தாளையும் பார்க்காமலே கடந்து போவார்.

வீட்டில் அம்மா மட்டும்தான் கேட்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மாவாட்டிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்பாள். நான் திணறினால், "சரி, முதல்ல இருந்து வா" என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரே வாய்ப்பாட்டை எத்தனையோ முறை முதலிலிருந்து வந்திருக்கிறேன்.

அண்ணன் எதையும் முதலிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததும் வருகிற கணக்கைப் போடுவான். வராததைத் தாண்டிப் போய்விடுவான். "வாத்தியார்ட்ட கேளேன்" என்று ஒருமுறை சொன்னேன். என்னை முறைத்தான். "நான் போய் சந்தேகம் கேட்டா என்ன நினைப்பாவ?" என்றான்.

திருநெல்வேலிக்கு பி.யு.சி. படிக்கப் போனான். கணக்கில் ஃபெயிலானான்.

அந்த வருஷமும் ஆடித்தபசு வந்தது, சொந்தங்கள் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பா அவனைக் கூப்பிட்டார். மீசை முளைத்த பையன். வந்து நின்றான்.

"ஏலே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுலே. எங்க அய்யா மூளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உங்க ஆத்தா ரத்தம் கடைசியில காட்டிட்டுல்லா?"

அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தி, "மறந்துட்டுப்பா" என்றான். மறந்திருக்கவே முடியாது. எனக்குத் தெரியும்.

அக்டோபரில் திரும்ப எழுதலாம் என்று மறுநாள் அவனிடம் சொன்னேன்.

"ரெண்டாந்தடவ எழுதுதவனை மூளைக்காரன்னு எவன் சொல்லுவான்?"

"சொல்லாட்டா என்ன?"

"உனக்கு ஒண்ணுமில்ல. உன்னை எவனும் சொன்னதே இல்லையே."

பரீட்சைக்குப் பணம் கட்டவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டான்.

நானும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் ஃபெயிலானேன். வீட்டில் யாருக்கும் அது செய்தியே இல்லை. அக்டோபரில் எழுதி பாஸானேன். டீச்சர் டிரெயினிங் முடித்து, இளையரசனேந்தல் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். "குருட்டு யோகம்" என்றார் அப்பா. சாகிறவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகன் மூன்றாம் வகுப்பு. கழித்தல் கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அண்ணன் சிலேட்டைப் பிடுங்கி, அதாலேயே அவன் தலையில் அடித்தான். மரச்சட்டத்தின் ஓரம் பட்டு நெற்றி வீங்கிவிட்டது.

"என் பிள்ளைதானே. உனக்கு எங்கருந்து வரும்?"

பையன் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அத்தை, எனக்கு மூளை இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது மக்கா. பத்தாம் இடத்துல கடன் வாங்கிட்டு, ஒண்ணைக் குறைக்க மறந்துட்ட. அது தெரியுது. இங்கன பாரு."

அழித்துவிட்டுப் போட்டான். மறுபடியும் தப்பு. இந்தத் தடவை வேறொரு தப்பு. அதைக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எச்சில் தொட்டு அழித்தான்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். "சும்மா அவனுக்கு ஆசை காட்டாத ஏட்டி. பெறவு கெடந்து அனுபவிக்கப்போறவன் அவன்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பையன் அப்பா போவதைத் தெருமுனை வரை பார்த்தான். அதற்கப்புறம்தான் சிலேட்டை என் பக்கம் திருப்பினான்.