நான் பதிவு செய்த இரண்டு குரல்கள்

மண்ணூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு எதிரே மொபைல் கடை வைத்திருந்தவரை எல்லோரும் அண்ணன் என்போம். ஷிப்டுக்குப் போகும் தாய்மார்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். தொடக்கத்தில் அவர் யாரையும் திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"பாப்பாவுக்கு இன்னா வயசு? நீ எத்தினி மணிக்குக் கெளம்புறே? யார்கிட்ட வுட்டுட்டுப் போறே தங்கச்சி?"

பக்கத்து அறை ஒடிசாக்காரப் பெண்ணிடம் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். அதற்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் குழுவில் பிள்ளை பிடிப்பவர்களின் வீடியோக்கள் வந்தன. எந்த ஊர், எப்போது என்று எதிலும் இல்லை. படித்தவள் நான், கேட்டிருக்கலாம். கேட்காமல், என் மகளைப் பகலெல்லாம் சுமந்தவளின் கைகளைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

"நீ நல்லா பேசறே, குரூப்புல ஒரு வாய்ஸ் போடு," என்றார் அண்ணன். அவர் கடையிலேயே பதிவு செய்தோம். "அழுவாதே. அழுகை வர்ற எடத்துல நிறுத்திக்க. கேள்வியா முடி. பதில அவங்களே சொல்லிக்குவாங்க."

அப்படியே செய்தேன். "வெளியூர்க்காரங்கள நம்பி விட்டுட்டுப் போறோமே, நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு?"

மூன்றாம் நாள், நான் வேலையில் இருந்தபோது, தெரு ஆண்கள் சிலர் அவள் இடுப்பிலிருந்து என் மகளைப் பிடுங்கி, அவள் பாத்திரங்களைத் தெருவில் வீசினார்கள். நான் திரும்பியபோது அவள் அறை காலியாக இருந்தது. 'ஒரு தாயின் குரல் ஜெயித்தது' என்று அண்ணன் குழுவில் எழுதியிருந்தார்.

அந்த வரிக்காகவே அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அவளும் திரும்பி வரவேண்டும். இன்னொரு குரல் பதிவு செய்து அதே குழுவில் போட்டேன்.

"அண்ணன் எம் பொண்ணு வயசக் கேட்டாரு. நான் எத்தனை மணிக்குக் கெளம்புறேன்னு கேட்டாரு. உங்களையும் கேட்டாரா? எதுக்கு?"

அழுகை வருமிடத்தில் நிறுத்தினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. மாலைக்குள் அதே ஆண்கள் அவர் கடை ஷட்டரை உதைத்தார்கள். மகளுக்கு இட்லி ஊட்டியபடி ஜன்னலில் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. இன்றும் நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது; அது சரியா என்று பிறகுதான் யோசிக்கிறேன்.

அவர் போன் செய்தார். "இன்னாம்மா, அண்ணன இப்டிப் பண்ணிட்டே?"

"கேள்விதான் கேட்டேண்ணே. பதில அவங்களே சொல்லிக்கினாங்க."

ஒரே வாரத்தில் அவர் கடையைக் காலி செய்தார். உடனே அந்த ஒடிசாப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சுங்குவார்சத்திரத்தில் இருந்தாள்.

"அந்த ஆள் போயிட்டான். நீ வந்துடு."

"பாப்பா சாப்பிடுதா அக்கா?"

"உன்னத்தான் கேக்குது."

"அக்கா, உங்க வாய்ஸ் கேட்டேன். ரெண்டாவது இல்ல, மொதல் வாய்ஸ்."

அவள் வரவில்லை.