முகத்தில் பட்ட புகை

கண்டியில் ஒரு கிளினிக்கின் நெபுலைசர் அறையில் எனக்கு அடுத்த கதிரையில் அவர் இருந்தார். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்கிடையே களைநாசினி அடித்தவர். நகங்கள் மஞ்சளேறியிருந்தன. சட்டைக்குள் விலா எலும்புகள் ஏறி இறங்கின.

மாஸ்க்கிலிருந்து மருந்துப் புகை கிளம்பியதும் அவர் முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொள்வார். தாங்க முடியாமல் போனபின் ஒரு இழுப்பு. பிறகு மறுபடியும் அடக்கிக்கொள்வார். தாதி இரண்டு தடவை அதட்டிவிட்டுப் போனார்.

நான் என் மாஸ்க்கைத் தூக்கி, "நல்லா இழுங்க ஐயா. இது உங்க நெஞ்சுக்குத்தான்" என்றேன்.

"தெரியுதுங்க. மூஞ்சில பட்டதும் தானா அடைச்சிக்குது. களை மருந்து டாங்கிய முதுகுல கட்டின நாள்லேருந்து பழக்கம்." சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "என்கூட மூணு பேரு அடிச்சாங்க. அவங்க மூச்ச அடக்க மாட்டாங்க. என்னையப் பாத்துச் சிரிப்பாங்க. மூணு பேரும் போயிட்டாங்க."

நான் என் மாஸ்க்கை மறுபடியும் போட்டுக்கொண்டேன். மெஷின் நின்றபோது அவருடைய மருந்தில் பாதி காற்றோடு போயிருந்தது.

இப்போது வீட்டில் நானே மெஷினைப் போட்டுக்கொள்கிறேன். முகத்தில் அந்த ஈரம் பட்டதும், முதல் மூச்சை இழுக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது.