டோரின் ஆன்டியின் பதினாறு விநாடிகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் ஏழு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி டோரின் ஆன்டி. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். 1991இல் அறை கேட்டுப் போனபோது என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரியைப் பார்த்து வெள்ளவத்தையில் ஏற்கெனவே நாலு வீட்டுக்காரர் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஆன்டி அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, டீவி பாக்கிறனீரோ?" என்றுதான் கேட்டார்.

பார்ப்பேன் என்றேன். அன்றே அறை கிடைத்தது. எதற்காக அப்படிக் கேட்டார் என்பது டிசம்பர் வந்தபிறகுதான் விளங்கியது.

ஆன்டியைப் பொறுத்தவரை உலகம் உருப்படியாக இருந்த கடைசி நாள் 1985ஆம் ஆண்டு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல்நாள் மாலை. அந்தக் காலத்தில் அரச தொலைக்காட்சியில் அன்றைக்கு முதலில் ஒரு வெள்ளைக்காரப் படம் போடுவார்கள். அதில் பனி கொட்டும். ஒழுங்கை முழுவதும் ஆன்டியின் ஹோலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, காற்றாடி போதாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பனியைப் பார்க்குமாம். பிறகு கோயில் பாடகர் குழுக்கள் பாடும். அந்த வருடம் ஆன்டியின் குழுவும் பாடியது. நடுவில் ஒரு பெண்குரல் தனியாகப் பாடும் இடத்தில் கமரா பதினாறு விநாடி அவர் முகத்திலேயே நின்றது. ஒழுங்கை முனையில் வீடியோ கடை வைத்திருந்த பாயிஸ் அதை அப்படியே கசெட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அயலட்டை எல்லாம் ஹோலுக்கு வந்தாக வேண்டும். கசெட் ஓடும். ஆன்டியின் வாய் அகலத் திறக்கும் இடம் வந்ததும் ரிமோட்டால் நிறுத்துவார். திரையில் முகம் நடுங்கிக்கொண்டு நிற்க, "பாத்தீங்களா, இது நான்" என்பார். எங்களுக்குத் தெரியாதா? பிந்தி வந்தவருக்காக மறுபடி ஓட்டி மறுபடி நிறுத்துவார். ஒரு நத்தாருக்குப் பத்துத் தடவையாவது நடக்கும். சிவன்கோயில் தேவாரம் முழுதாகத் தெரியாத நான் அந்தப் பாட்டை மூன்றாம் வருடமே மனப்பாடம் செய்துவிட்டேன். எரிச்சல்தான். ஆனால் அவர் நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

1997இல் ஆன்டியின் தம்பி பெனடிக் வருவதாகக் கடிதம் வந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு மெல்பர்னுக்குப் போனவர், பதினாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக வருகிறார். ஆன்டி வீட்டுக்கு வெள்ளை அடித்தார், எனக்கும் ஒரு தூரிகை தந்தார். இருபத்துமூன்றாம் திகதி கசெட்டைச் சரிபார்க்கப் போட்டார். பாட்டு வந்தது, மற்றவர்களின் முகம் வந்தது. ஆன்டியின் முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள் வந்தன.

வீடியோ டெக்கையும் கசெட்டையும் துணியில் சுற்றி நான்தான் பாயிஸின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரன் வயர் தொங்கும் மூட்டையோடு ஒழுங்கை முனை ஆமி செக்பொயின்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "நத்தல் கீத, மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லி, நான் நத்தார்ப் பாட்டின் முதல் இரண்டு வரியைப் பாடிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

பாயிஸ் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், ஓட்டினார், தலையை ஆட்டினார். பின்னாலேயே வந்து சேர்ந்த ஆன்டியிடம் சொன்னார்:

"டெக்கில பிழை இல்ல ஆன்டி. நீங்க பன்னெண்டு வருஷமா ஒரே எடத்தில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தீங்க. நிப்பாட்டினா டெக் அந்த எடத்தையே தேய்ச்சிக்கிட்டு ஈக்கும். மத்த எடமெல்லாம் புதுசாத்தான் ஈக்கி. ஒங்கட மொகம் மட்டும்தான் போயிட்டு."

வீட்டுக்கு வந்ததும் ஆன்டி கதிரையில் விழுந்து அழுதார். எனக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது.

"முகம் போனால் என்ன ஆன்டி, உங்கட குரல் இருக்குத்தானே?" என்றேன்.

"அது என்ர குரல் இல்லை, நாதன்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஒத்திகையிலேயே பாட்டு மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, "டோரின், நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். தனியாகப் பாடியது பின்னால் நின்ற ஒரு கட்டைப் பெண். கமராக்காரனுக்கு அவள் தெரியவில்லை. யார் பெரிதாக வாயைத் திறக்கிறார் என்று பார்த்து ஆன்டியைப் பிடித்துவிட்டான்.

"தனியாப் பாடினது நான்தான் எண்டு தம்பிக்கு எழுதிப்போட்டன். சின்ன வயசில இருந்து அவனுக்கு என்ர பாட்டெண்டாப் பகிடி. முகத்தைக் கண்டா நம்பியிருப்பான். இப்ப என்னத்தைக் காட்டுறது?"

ஏழு வருடத்தில் ஆன்டி ஒரு வரி பாடி நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டெக் பழுதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"அதைப் பாக்கத்தானே அவன் வாறான்."

நத்தாரன்று ஹோல் நிறைந்துவிட்டது. பெனடிக் முன்வரிசையில் உட்கார்ந்தார். வழுக்கை விழுந்து, தொப்பை வைத்திருந்தார். தப்ப வழியில்லாமல் ஆன்டி கசெட்டைப் போட்டார். குழு வந்தது. பிறகு வெள்ளைக் கோடுகள், அவற்றுக்குள்ளிருந்து தேன் சொட்டும் ஒரு பெண்குரல். அயலவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பெனடிக் மட்டும் தட்டவில்லை.

"அக்கா, இது உன்ர குரல் இல்லையே."

கைதட்டல் நின்றுவிட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். ஆன்டி எழுந்து போய் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஓம், இல்லை. நான் வாயை மட்டும்தான் அசைச்சனான். என்ர குரல் இதுதான்" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

கர்த்தர் மன்னிக்க வேண்டும், அப்படி ஒரு பாட்டை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சுருதி ஒரு பக்கம் போனது, ஆன்டி மறுபக்கம் போனார். மேலே ஏற வேண்டிய இடத்தில் கதவுக் கீல்தான் கேட்டது. பாட்டு மாஸ்டர் மீது எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. பாயிஸ் லவ் கேக்கை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். ஆன்டி எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, ஒரு வரியும் விடாமல் பாடி முடித்தார்.

பெனடிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கேக் அடிக்கேக்குள்ள குசினிக்குள்ள இருந்து இந்த நாராசம்தான் கேக்கும். அங்க பதினாலு நத்தார் போயிட்டுது அக்கா, ஒரு நத்தாருக்கும் இது இல்லை" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொருக்காப் பாடு" என்றார்.

ஆன்டி பாடினார். முதல் தடவையைவிட மோசமாக இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.