பிரஸ் ஆயில் ஊற்றிய கிளட்ச்

எங்கள் சூப்பர்வைசர் தன் ஜப்பான் மோட்டார் பைக்கை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பெனி சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வளைக்கும் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் ஆள். ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஆயில் குறைந்தால் ஊற்றுவது என் வேலை. அதற்கு முன் லாரியில் கிளீனர், செங்கல் சூளை, ஆந்திராப் பக்கம் ஒரு இறால் பண்ணை. எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. இங்கே பதினாலு மாதம் ஓடியிருந்தது. இந்த வேலையை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்தக் கொட்டகை ஒரு பைக் மெக்கானிக்கின் கடை. அவனுக்கு என் வயதுதான் இருக்கும். இடம் கம்பெனியுடையது, சூப்பர்வைசர் கண்டுகொள்ளாமல் விட்டதால் கடை நின்றது. பத்து நாளைக்கு முன் அந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றியவனும் அவன்தான். பலர் கைமாறி வந்த பழைய வண்டி அது. நம் ஊர் வண்டி போல அதில் கிளட்ச் கேபிள் கிடையாது. லீவரைப் பிடித்தால் குழாய்க்குள் இருக்கும் ஆயில் போய்க் கிளட்சைத் தள்ளும், தள்ளியிருக்கும்வரை இன்ஜின் சக்கரத்தைச் சுற்றாது.

"கவரைப்பேட்டை தாண்டி சூடானதும் முறுக்குனா சத்தம்தான் வருது, வண்டி நகரல. டூப்ளிகேட் பிளேட் போட்டியாடா?" என்றார் சூப்பர்வைசர். "சாயந்திரத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா கொட்டாய அவுத்துக்கினு கெளம்பு."

"மொதல்ல வண்டிய அவுக்கறேன் சார். கொட்டாய அப்பால பாப்போம்."

அவன் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னை அங்கே உட்கார வைத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

எனக்கோ காரணம் அப்போதே பாதி விளங்கிவிட்டது. நாலு நாள் முன் வண்டியைக் கழுவச் சொல்லியிருந்தார். ஹேண்டில்பாரில் கிளட்ச் லீவரை ஒட்டி இருந்த சின்ன டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. அவர் சொல்லாமலே, நல்ல பேர் வாங்கலாம் என்று, மூடியைத் திறந்து பிரஸ் ஆயிலை ஊற்றி நிரப்பினேன். ஹைட்ராலிக் என்றால் எங்களுக்கெல்லாம் அந்த ஒரு ஆயில்தான். சொன்னால் வேலை போகும். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தன்மேல் பழி வந்ததால் அவன் பிளேட்டிலிருந்தே தொடங்கினான். கவரைக் கழற்றி ஒவ்வொரு பிளேட்டாக வெளியே எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். எல்லாம் நன்றாக இருந்தன. மறுபடி மாட்டி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, கியர் போட்டு முறுக்கினான். சத்தம் மட்டும் வந்தது. கிளட்ச் அடியில், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திருகினான். ஆயில் பீச்சி அடித்தது. இறுக்கிவிட்டு மறுபடி முறுக்கினான், வண்டி முன்னால் பாய்ந்தது.

"லீவர உட்டாலும் ஆயிலு திரும்பல. உள்ளயே மாட்டிக்கினு கிளட்ச தள்ளிக்கினே கீது," என்றான்.

லீவர் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் பிஸ்டனை வெளியே எடுத்தபோது அதன் ரப்பர், ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, ஆயில் திரும்பும் ஓட்டையை அடைத்திருந்தது. அவன் டீ கிளாஸில் தண்ணீர் பிடித்து, டப்பாவில் இருந்ததைக் கொஞ்சம் விட்டான். பிறகு அந்த டப்பாவுக்கு உரிய பிரேக் ஆயிலைத் தன் பாட்டிலிலிருந்து இன்னொரு கிளாஸ் தண்ணீரில் விட்டான். அவனுடையது தண்ணீரோடு கலந்துவிட்டது. வண்டியில் இருந்தது மேலே மிதந்தது.

மூன்று மணிக்கு வந்த சூப்பர்வைசரிடம் அவன் இரண்டு கிளாஸையும் காட்டி, தப்பான ஆயில் ஊற்றியதில் ரப்பர் உப்பிவிட்டது என்றான். அவர் அவனையே கேட்டார்: "நீதான ஊத்துன?"

"இந்த ஆயிலு என் கடையிலயே இல்ல சார்."

"அப்புறம் வானத்துலேர்ந்து வந்துதா? நாளைக்குக் கொட்டாய் இங்க இருக்கக்கூடாது."

மெக்கானிக் குனிந்தான். கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் பொறுக்கிப் போட்டான். அவன் குனிந்திருந்த அந்த நேரத்தில்தான் நான் சொன்னேன். "நான் ஊத்துனேன் சார். பிரஸ் ஆயிலு."

அவர் கத்தவில்லை. "பிரேக் ஆயிலுதான் ஊத்தணும்னு மூடி மேலயே இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. படிக்கத் தெரியாது?" என்று கேட்டு, கம்பெனிக்குள் நுழைய வைத்திருந்த என் கேட் பாஸுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். ரப்பரெல்லாம் மாற்றி வைக்கும்படி அவனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"காத்தால வாயத் தொறந்திருந்தா அத்தினி பிளேட்டயும் அவுத்திருக்க மாட்டேன் நைனா," என்றான் மெக்கானிக். அவன் குரலில் கோபம் இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா."

"எனக்கு மட்டும் வருதா? அதான் தண்ணில உட்டுப் பாக்கறேன்."

அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. ஆங்கில எழுத்துகளை இப்போது கூட்டிப் படித்துவிடுவேன். எட்டாவதோடு நின்றவன் என்று சொல்லியே அந்த நாள்வரை பல இடங்களில் தப்பித்திருக்கிறேன். அந்த மெக்கானிக் தப்பாக ஒரு ஆயிலை ஊற்றிவிட்டு, படிப்பில்லை என்று சொல்லியிருந்தால் அவன் கடை இருந்திருக்காது. அன்று ஐந்து மணிவரை இருந்து குழாயையும் டப்பாவையும் கழுவிக் கொடுத்தேன். வேலை போய் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஷிப்டு விட்டிருந்தது. கொட்டகை முன் ரிப்பேருக்கு இரண்டு வண்டிகள் வந்து நின்றன.