எலக்ட்ரிக்கில் காய்ச்சிய பார்லித் தண்ணீர்

"யாருக்கு சார் கல்லு?"

போன மாதம் எங்கள் பிரேசர் டவுன் மளிகைக் கடையில் பார்லி கேட்டதும், கடைக்கார ஷெட்டி தராசைக் கீழே வைத்துவிட்டு இப்படித்தான் கேட்டார்.

நான் என்ன சொல்ல? பீர் காய்ச்சப் போகிறேன் என்றா? "எனக்குத்தான்" என்று சொல்லி, இடுப்பில் ஒரு கையையும் வைத்துக்கொண்டேன்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார். காலங்காத்தால ஒரு லோட்டா குடிங்க, கரைஞ்சி பூடும்."

யோசனை என்னுடையதல்ல. என் மனைவி ரூத்தின் தம்பி டேவிட்டுடையது. ஒரு ஃபாக்டரியில் எலக்ட்ரிக் பிரிவில் இருக்கிறான். கன்டோன்மென்டில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் அவனுக்கு மிகவும் பிடித்தது பீர்தான்.

"ராட்டையில நூல் நாமே நூத்தோம். இதையும் நாமே காய்ச்சினாத்தானே மாமா முழு சுதந்திரம்?" என்றான். இதற்கு யாராவது மறுப்பு சொல்ல முடியுமா?

ரூத் சொன்னாள். ஏனென்றால் நாங்கள் குடியிருப்பது கோயில் காம்பவுண்டுக்குள், சபைக்குச் சொந்தமான வீட்டில். மது வாசனை வந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் — சாவியைக் கையில் கொடுக்கும்போதே எங்கள் ஐயர் சொல்லிவிட்டார். (சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் நாங்கள் சொல்வோம்.) பெங்களூரில் இன்றைக்கு வேறு வீடு கிடைப்பதென்றால்... அதைத் தேடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

"வீட்டை விட்டுப் போறதுன்னா நீங்க ரெண்டு பேரும் அந்த அண்டாவோட போங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள் ரூத்.

அண்டா என்று அவள் சொன்னது நாங்கள் குளிக்கிற வெந்நீர் அண்டாவை. விறகு வைத்து மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால் புகையே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதனால் டேவிட் அதை எலக்ட்ரிக் பாயிலராக மாற்றிவிட்டான். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டிய சாமான்களில் இரண்டு ஹீட்டர் சுருள்களைப் பழைய பஜாரில் பொறுக்கி வந்தான். அண்டாவின் வயிற்றில் ஓட்டை போட்டான். சுருளை நுழைத்து, பித்தளை நட்டு போட்டு முறுக்கினான். ஒழுகியது. சைக்கிள் டியூபை வாஷராக வெட்டி வைத்தான். ஒழுகவில்லை — ரப்பர் நாற்றம் அடித்தது. "பீருக்கே ஒரு வாசனை உண்டு மாமா" என்றான்.

எர்த் ஒயரைக் குளியலறைக் குழாயில் கட்டினான். மறுநாள் குழாயைத் திறந்த ரூத் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்துபோயின.

"சும்மா கூச்சம்தான்க்கா" என்றான் தம்பி. அவள் விளக்குமாற்றைத் தேடினாள்.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனித்தீர்களா? பீருக்கு வேண்டிய சாமான்கள் எல்லாமே நோயாளிக்கு வாங்குகிற சாமான்கள்! ஷெட்டி கடையில் பார்லி. மருந்துக் கடையில் மால்ட் டானிக், அதுவும் டஜன் கணக்கில். கசப்புக்கு ஏதோ சீமைப் பூ போட வேண்டுமாம். அது இங்கே கிடைக்காததால் நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு. பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட் ஒன்றுதான் ஆரோக்கியமானவன் வாங்கக்கூடிய பொருள்.

தெரு கணக்குப் போட்டுவிட்டது. சிறுநீரில் கல், உடம்பில் பலவீனம், போதாததற்கு விடாத காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நோயாளிகளுக்காக ஜெபித்தபோது என் பெயரையும் வாசித்தார்கள். நானோ முன்வரிசையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முதல் பீர் நன்றாகவே புளித்தது. காலியான டானிக் பாட்டில்களிலேயே ஊற்றி, கார்க்கை அடித்து, கம்பியால் கட்டி வைத்தோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டேவிட்டுக்கு ஆசை விடவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் இரண்டாம் தடவையாக அண்டாவை நிரப்பி ஸ்விட்சைப் போட்டான்.

புதன்கிழமை கோயிலில் ஜெபக்கூட்டம். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கரண்ட் லைன். ஐயர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் திறந்து பார்த்தால், விளக்கெல்லாம் மினுக்மினுக்கென்று செத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் குளியலறை ஜன்னலில் ஆவி!

கூட்டம் முடிந்த கையோடு ஐயர் புறப்பட்டு வந்துவிட்டார். பின்னால் மாதர் சங்கம் முழுவதும். நான் ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"உள்ள என்னப்பா கொதிக்குது?"

"மாமாவுக்குப் பார்லித் தண்ணி ஐயா" என்றான் டேவிட்.

"அவ்வளவு பெரிய அண்டாவிலயா?"

"பெரிய கல்லு ஐயா."

ஐயர் கட்டிலருகே உட்கார்ந்தார். "எனக்கும் கல்லுத் தொந்தரவு உண்டும்மா. ஆறினது இருந்தா ஒரு டம்ளர் குடு" என்று ரூத்திடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். வேறு வழி? ஒரு டானிக் பாட்டிலை எடுத்து வந்து கார்க்கைத் திருகினாள்.

டப்!

மாதர் சங்கம் ஓரடி பின்னால் போனது. டம்ளர் வழிய நுரை.

"பார்லித் தண்ணி நுரைக்குதே?"

வீடு போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். பெட்டி படுக்கையோடு நாங்கள் மூவரும் தெருவில் நிற்கிற காட்சி கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது டேவிட் கொஞ்சமும் அசராமல் சொன்னான்:

"எலக்ட்ரிக்ல காய்ச்சினது ஐயா. கரண்ட் கொஞ்சம் உள்ளயே தங்கிடும்."

"அட, ஆமாம்! நம்ம வீட்டு எலக்ட்ரிக் இஸ்திரிப்பெட்டி கூட அப்படித்தான், ஆஃப் பண்ணினாலும் சுடும்" என்றார் சங்கத் தலைவி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். விஞ்ஞானம் எப்பேர்ப்பட்ட உதவி செய்கிறது பாருங்கள்!

ஐயர் ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம் எனக்காக ஜெபித்தார் — அவ்வளவு உருக்கமான ஜெபத்தை நான் கேட்டதே இல்லை. எனக்கே என் கல்லை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

பெண்களை முன்னால் அனுப்பிவிட்டு, ஐயர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, யுத்தத்தப்போ நான் பட்டாளத்துல சாப்ளினா, சோல்ஜர்களுக்கு ஐயரா இருந்தவன். அங்கயும் இந்தப் பார்லித் தண்ணி உண்டு... இவ்வளவு கசக்காது. நிலவேம்பைக் கொறைச்சுக்குங்க. புதன்கிழமை மட்டும் காய்ச்சாதீங்க."

வீடு தப்பியது. எங்களுக்குத் தனி லைன் இழுத்துத் தரச் சபையில் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் வருகிறார், டம்ளரைக் காலி செய்கிறார், ஜெபித்துவிட்டுப் போகிறார்.

பாவம், அவருடைய கல்தான் இன்னும் கரைந்தபாடில்லை.